‘நாங்களும் இந்த வெக்கையிலதானே பெத்தம்?’

கண்டாவளைப் பக்கத்திலிருந்து ஒரு அக்கா எழுதியிருக்கிறா. கடிதம் நாலு பக்கம், அதில் மூன்று பக்கம் கோபம். விஷயம் இதுதான். மருமகளுக்கு ஆறாம் மாதம். விடிய ஐந்தரைக்கு வருகிற வானில் ஏறிக் கச்சான் பிடுங்கப் போனால் பின்னேரம் மூன்று மணிக்குத்தான் திரும்புவா. போன கிழமை தோட்டத்தில் தலை சுற்றி அப்படியே நிலத்தில் இருந்துவிட்டா. கிளினிக்கில் குடும்பநல உத்தியோகத்தர் ‘இனி வெயிலுக்குள் போகாதே’ என்று சொல்லி அனுப்பியிருக்கிறா. அதே வீட்டில் மகளும் இரண்டு மாதப் பிள்ளையோடு வந்து நிற்கிறா. பிள்ளை மத்தியானம் முழுக்க அழுகை. வெக்கைக்குப் பிள்ளைக்கு நா வறளுமே என்று அக்கா கொதித்தாறின தண்ணீரில் துளி சீனி கரைத்துக் கரண்டியால் பருக்க, மகள் சண்டைக்கு வருகிறா. வீடு தகரக் கூரை, கிணறு சித்திரைக்குப் பிறகு உவராகிவிடும், மருமகளுக்குத் திகதி கார்த்திகைக் கடைசி, போன வெள்ளத்தில் மூன்று நாள் வெளியே போக வழி இருக்கவில்லை என்பதெல்லாம் இடையிடையே வருகிறது. கடைசி வரி: ‘நாங்களும் இந்த வெக்கையிலதானே பெத்தம், எங்கட பிள்ளையள் வளரேல்லையோ, இப்ப என்ன புதுசா வெயில் வந்தது?’

அக்கா, கோபிக்காமல் கேளுங்கள். முப்பது வருசத்துக்கு மேல் வன்னியில் குடும்பநல உத்தியோகத்தராகச் சைக்கிளிலும் பிறகு ஸ்கூட்டியிலும் வீடு வீடாகத் திரிந்தவள் நான். படலைக்குள் கால் வைத்தவுடன் இந்தக் கேள்வியைக் கேட்காத மாமியார் குறைவு. நானும் ஒரு காலத்தில் ‘வெயில்தானே, கொஞ்சம் தண்ணியைக் குடிக்கச் சொல்லுங்கோ’ என்று சொல்லிவிட்டு அடுத்த வீட்டுக்குப் போனவள்தான். படிக்கிற காலத்தில் பிரஷர், சீனி, இரத்தச்சோகை எல்லாம் படிப்பித்தார்கள், வெயிலை ஒருவரும் படிப்பிக்கவில்லை.

நீங்கள் பெற்றீர்கள், உண்மை. அப்போது எந்த வீட்டில் இருந்தீர்கள் என்று ஒருக்கால் யோசியுங்கள். மண் சுவர், கிடுகோ பனையோலையோ வேய்ந்த கூரை, தலைக்கு மேல் வேம்பு, பக்கத்தில் மா, பின்னுக்குப் பலா. இப்போது நீங்கள் இருப்பது தகரத்துக்குக் கீழே. நின்ற மரங்களில் பாதி சண்டைக் காலத்துச் செல்லடியோடு போனது, மீதி வீடு கட்ட நிலம் துப்புரவாக்கியபோது போனது. வெயிலும் அதே வெயில் இல்லை. பதிவு வைத்திருக்கிற காலத்திலேயே உலகம் முழுக்க ஆகச் சூடான ஆண்டு 2024. பகலை விடுங்கள், இரவிலும் வெக்கை இறங்குவதில்லை என்று நீங்களே இரண்டாம் பக்கத்தில் எழுதியிருக்கிறீர்கள். உடம்பு தன்னைச் சரிக்கட்டிக்கொள்வது இரவில்தான். அதுவும் இல்லாமல் போனால் அடுத்த நாள் பட்ட களைப்போடேயே தொடங்குகிறது.

இன்னொன்று, கேட்கக் கஷ்டமாக இருக்கும். அந்தக் காலத்தில் எட்டாம் மாதத்தில் வந்து ஒரு கிழமையில் போன பிள்ளையும், வயிற்றுக்குள்ளேயே அடங்கிப்போன பிள்ளையும் ஒவ்வொரு ஊரிலும் இருந்தன. விதி என்றோம், கண்ணூறு என்றோம், முனி அடித்தது என்றோம். அது பங்குனியிலா மார்கழியிலா நடந்தது என்று எவரும் எழுதி வைக்கவில்லை. இப்போது எழுதி வைத்து எண்ணிப் பார்க்கிறார்கள். 27 நாடுகளில் நடந்த 70 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து 2020 இல் வெளிவந்த கணக்கின்படி, வெப்பநிலை ஒரு பாகை கூடினால் குறைமாதத்தில் பிறக்கிற வாய்ப்பு ஏறத்தாழ 5 வீதம் கூடுகிறது, செத்துப் பிறக்கிற வாய்ப்பும் அதே அளவு, கடும் வெக்கை விடாமல் அடிக்கிற நாட்களில் குறைமாதம் 16 வீதம் வரை. வெள்ளைக்காரர் கணக்கு நமக்கெதற்கு என்று நினைப்பீர்கள். தமிழ்நாட்டில் சிறீ ராமச்சந்திரா மருத்துவக் கல்லூரிக்காரர் வயலிலும் செங்கல் சூளையிலும் உப்பளத்திலும் வேலை செய்கிறவர்களையும் சேர்த்து 800 கர்ப்பிணிகளைப் பின்தொடர்ந்து பார்த்தார்கள். வெக்கைக்குள் நின்று வேலை செய்தவர்களுக்குக் கரு கலைவதும் செத்துப் பிறப்பதும் மற்றவர்களைவிட இரண்டு மடங்கு. உங்கள் மருமகளைப் போன்ற பெண்கள்தான், அதே வெயில்தான். பயப்படுத்த இதை எழுதவில்லை, பெரும்பாலான பிள்ளைகள் நன்றாகத்தான் பிறக்கும். ஆனால் தவிர்க்கக்கூடிய ஒன்றை ஏன் தலையில் போட்டுக்கொள்ள வேண்டும்?

வயிற்றுக்குள் என்ன நடக்கிறது என்று கேட்டால், நீங்கள் வயல் செய்கிறவர்கள், வாய்க்காலை வைத்துச் சொல்கிறேன். சிறுபோகத்தில் குளத்தில் தண்ணீர் குறைவு, ஒரு வாய்க்காலைத் திறந்தால் மற்றதுக்குக் குறையும். உடம்பு சூடானால் இரத்தத்தைத் தோல் பக்கம் திறந்துவிடும், வியர்த்து ஆறுவதற்காக. அந்த நேரம் நச்சுக்கொடிக்குப் போகிற வாய்க்காலில் ஓட்டம் குறையும். தண்ணீரும் குடிக்கவில்லை என்றால் குளமே வற்றுகிறது. பிள்ளைக்கு வியர்த்து ஆற வழியில்லை, தன் சூட்டைத் தாயின் இரத்தத்தில்தான் இறக்க வேண்டும், அதனால் எப்போதும் தாயைவிட அரைப் பாகையளவு கூடின சூட்டில்தான் அது இருக்கும். தாய் கொதித்தால் அதற்கு எங்கே போய் ஆறுவது? மேற்கு ஆபிரிக்காவில் காம்பியா என்ற நாட்டில் 92 கர்ப்பிணி விவசாயப் பெண்களோடு வயலிலேயே நின்று பிள்ளையின் இதயத் துடிப்பைப் பார்த்தார்கள். தாய் ‘எனக்கு ஒன்றுமில்லை’ என்று வேலை செய்துகொண்டிருக்கும்போதே பிள்ளை களைத்த அடையாளம் தெரிந்திருக்கிறது. ஆகவே ‘அவ ஒன்றும் சொல்லவில்லையே’ என்று விடாதீர்கள். நம் பெண்பிள்ளைகள் சொல்லவும் மாட்டார்கள்.

சரி, வேலைக்குப் போகாதே என்று சொல்வது எனக்கு லேசு. கூலி வராவிட்டால் அடுப்பு எரியாது என்பதும் தெரியும், அதனால்தான் அந்தக் கிளினிக் மிஸ் சொன்னது உங்களுக்குக் கோபமாக வந்திருக்கிறது. கச்சான் தோட்டத்தில் இரண்டு வேலை இருக்கிறதல்லவா, பிடுங்குகிறது ஒன்று, பிடுங்கின செடியை நிழலுக்குள் குவித்து வைத்து ஆய்கிறது ஒன்று. மருமகளை ஆய்கிற வேலைக்கு விடச் சொல்லித் தோட்டக்காரரிடம் நீங்களே போய்க் கதையுங்கள். கிழவி வந்து கேட்டால் மறுக்க மாட்டார்கள், மருமகள் தானாகக் கேட்கக் கூச்சப்படுவா. காசு கொஞ்சம் குறையலாம். பத்து மணிக்குப் பிறகு வெயிலுக்குள் நிற்கவே கூடாது என்பதை மட்டும் விட்டுக்கொடுக்க வேண்டாம். வான் மூன்று மணிக்குத்தான் திரும்பும் என்றால் மரத்துக்குக் கீழ் பாயை விரித்துப் படுக்கட்டும், இடப்பக்கம் சரிந்து. கர்ப்பிணிக்கான போசாக்குக் கொடுப்பனவுக்குப் பதிந்தாவா என்று உங்கள் கடிதத்தில் இல்லை. இல்லையென்றால் கிளினிக்கில் கேளுங்கள், அது பிச்சை இல்லை.

தண்ணீருக்கு ஒரு அளவு சொல்கிறேன். ஒன்றரை லீற்றர் போத்தல் ஒன்று தோட்டத்தில் முடிய வேண்டும், ஒன்று வீட்டில் முடிய வேண்டும். தாகம் வரட்டும் என்று காத்திராமல் ஒவ்வொரு மணிக்கும் நாலைந்து மிடறு. குடித்தது போதுமா என்று அறிய மூத்திரத்தைப் பார்க்கச் சொல்லுங்கள், வைக்கோல் நிறம் என்றால் நல்லது, பிளேன்ரீ நிறம் என்றால் குளம் வற்றிவிட்டது. (விற்றமின் குளிசை போட்டால் மஞ்சளாகப் போகும், அதற்குப் பயப்பட வேண்டாம்.) நுங்கு, வெள்ளரிப்பழம், வத்தகப்பழம், கஞ்சி எல்லாம் நல்லதுதான். சோடாவும் மணிக்கொருக்கால் தேத்தண்ணியும் தண்ணீர்க் கணக்கில் சேராது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

திரும்பத் தலை சுற்றினால், நிழல், இறுக்கமான உடுப்பைத் தளர்த்துவது, கழுத்து, கக்கம், நெற்றியில் ஈரத்துணி, விசிறல், சின்னச் சின்ன மிடறாகத் தண்ணீர். அரை மணித்தியாலத்தில் தெளியவில்லை, சத்தி எடுக்கிறா, பேச்சுக் குழறுகிறது, உடம்பு நெருப்பாகக் கொதிக்கிறது என்றால் வானுக்குக் காத்திருக்க வேண்டாம், 1990 க்கு அடியுங்கள், சுவசெரிய அம்புலன்ஸ் வரும், காசில்லை. அடிவயிறு விட்டுவிட்டு இறுகுவதும் வெக்கையில் வரும், தண்ணீர் குறைந்தால் கர்ப்பப்பை இறுகத் தொடங்கும். தண்ணீர் குடித்துப் படுத்தும் அடங்கவில்லை என்றால் அது குறைமாத நோவாக இருக்கலாம். பிள்ளையின் துடிப்பு வழமையைவிடக் குறைவு என்று அவ சொன்னால் அன்றைக்கே ஆஸ்பத்திரி, விடிந்ததும் பார்ப்போம் என்று வைக்கக் கூடாது.

இந்த இடத்தில் என் பிழை ஒன்றையும் சொல்ல வேண்டும். ஒரு சித்திரை மாதம், ஏழரை மாதக் கர்ப்பிணி, தலையிடி என்று படுத்திருந்தா. வெளியே கண் திறக்க முடியாத வெயில். நானும் வெயில் தலையிடிதான் என்று நினைத்து, தண்ணீர் குடி, பகலில் வெளியே திரியாதே என்று சொல்லிவிட்டுப் படலை வரை வந்துவிட்டேன். அவவின் தாய் பின்னால் ஓடிவந்து, ‘பிள்ளை, கண்ணுக்குள்ள மின்னுது எண்டும் சொல்லுறாள்’ என்றா. திரும்பிப் போய் பிரஷர் பார்த்தால் 170 க்கு 110. அன்றைக்கு அந்த அம்மா ஓடிவராமல் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இப்போதும் சில இரவுகளில் நினைப்பேன். தலையிடி, கண் மங்கல், மேல் வயிற்று நோ, முகமும் கையும் வீங்குவது, இவை வெயிலால் வந்தவை என்று வீட்டில் ஒருவரும் முடிவெடுக்கக் கூடாது. பிரஷர் பார்த்த பிறகுதான் வெயிலைக் குறை சொல்லலாம்.

உங்கள் கிணற்றுத் தண்ணீரைப் பற்றி நீங்கள் போகிறபோக்கில் எழுதியதுதான் எனக்குப் பெரிய விஷயமாகப் படுகிறது. மழை குறைந்து கிணறு இறங்க, கடல்நீரேரிப் பக்கத்து உவர் உள்ளே வருகிறது. பங்களாதேசின் கரையோரத்திலும் இதே கதைதான். அங்கே உப்பேறின தண்ணீரைக் குடித்த கர்ப்பிணிகளுக்கு பிரஷரும் அதனால் வருகிற வலிப்பு நோயும் கூடுதலாக இருப்பதை ஆய்வு செய்தவர்கள் கண்டார்கள், அதுவும் மழையில்லாத மாதங்களில். ‘கொதிக்க வைத்துத்தான் குடிக்கிறம்’ என்று எழுதியிருக்கிறீர்கள். கொதித்தால் கிருமி சாகும், உப்பு சாகாது அக்கா, தண்ணீர் வற்ற வற்ற உப்பு இன்னும் கூடும். மருமகளுக்குக் குடிக்கவும் சோறு, கறி காய்ச்சவும் பவுசர் தண்ணீரோ வடிகட்டி விற்கிற ஆர்.ஓ தண்ணீரோ எடுங்கள். எல்லாருக்கும் வாங்கக் கட்டாது என்றால் அவவுக்கும் பால் கொடுக்கிற மகளுக்கும் மட்டும். கிணற்றுத் தண்ணீர் குளிக்கவும் கழுவவும் இருக்கட்டும். கருவாடு, ஊறுகாய், மோர்மிளகாய் கார்த்திகை வரைக்கும் கொஞ்சம் தள்ளி நிற்கட்டும். வெக்கைக்கு நல்லது என்று தினமும் ஜீவனி கரைத்துக் கொடுக்கிற பழக்கமும் வேண்டாம், அது வயிற்றோட்டத்துக்கான மருந்து, அதிலும் உப்பு இருக்கிறது.

இனி உங்கள் பேரப்பிள்ளை. சண்டையில் மகள் பக்கம்தான் நியாயம், மன்னிக்க வேண்டும்.

பிள்ளைக்கு நா வறளும்தான், நீங்கள் நினைத்தது பிழையில்லை, கொடுத்ததுதான் பிழை. தாய்ப்பாலில் நூறில் 87, 88 பங்கு தண்ணீர். ஒவ்வொரு தரம் கொடுக்கும்போதும் முலையில் முதலில் வருகிற பால் இன்னும் நீர்த்தன்மையானது, தாகத்துக்கென்றே வருவது போல. ஆறு மாதம் முடியும் வரை எந்த வெயிலிலும் வேறு ஒரு துளி தண்ணீர் தேவையில்லை. சின்னஞ்சிறு வயிற்றைச் சீனித் தண்ணீரால் நிரப்பினால் பிள்ளை பால் குடிக்காது, குடிக்காவிட்டால் பால் சுரப்பதும் குறையும். தண்ணீர் கூடிப்போனால் இரண்டு மாதப் பிள்ளையின் சிறுநீரகத்தால் அதைச் சமாளிக்க ஏலாது, இரத்தத்தில் உப்பு நீர்த்துப்போய் வலிப்பு வரலாம். கரண்டியோடு உள்ளே போகிற கிருமி வேறு. அந்தத் தண்ணீரைத் தாய்க்குக் கொடுங்கள், அது பாலாகப் பிள்ளைக்கு வரும். ‘பிள்ளைப்பெற்றவள் தண்ணி குடிச்சா வயிறு ஊதும்’ என்று மகளுக்குத் தண்ணீரை அளந்து கொடுக்கிற வீடுகள் எனக்குத் தெரியும், உங்கள் வீட்டில் அப்படி இருக்காது என்று நம்புகிறேன். வெக்கை நாட்களில் இரண்டு மணிக்கொருக்கால், கேட்டால் அதற்கு முன்னும், பால் கொடுக்கச் சொல்லுங்கள். ஒரு நாளைக்கு ஆறு தரத்துக்குக் குறையாமல் மூத்திரம் போனால் தண்ணீர் போதுமான அளவு கிடைக்கிறது.

அப்புறம் மத்தியான அழுகை. ஏணை எங்கே கட்டியிருக்கிறது? எழுதவில்லை, ஆனால் எனக்குத் தெரியும் என்றே நினைக்கிறேன், நடு அறை வளையில். தருமபுரத்தில் ஒரு வீட்டில் இப்படித்தான் ஒரு பிள்ளை பதினொரு மணியானால் அழத் தொடங்கும், பின்னேரம் தானாக அடங்கும், நாவூறு என்று நூல் கட்டி, தாய்க்கு ‘சூடான’ சாப்பாடெல்லாம் நிறுத்தியும் பார்த்துவிட்டார்கள். தடுப்பூசிப் பெட்டிக்கு வைத்திருந்த வெப்பமானியை எடுத்து ஏணைக்குப் பக்கத்தில் கொஞ்ச நேரம் பிடித்தேன். 38 பாகை. அதையே கீழே நிலத்தில் பாய்க்குப் பக்கத்தில் வைத்தேன். 35. வெளியே வேப்பமரத்துக்குக் கீழே 33. தகரத்தின் சூடு மேலிருந்து கீழே இறங்குகிறது, உயரத்தில் தொங்குகிற பிள்ளைக்குத்தான் முதல் பங்கு. இலையான் மொய்க்கும் என்று ஏணையின் வாயையும் ஒரு துவாயால் மூடியிருந்தார்கள், உள்ளே காற்றே இல்லை. ஏணையைக் கழற்றி வேம்பில் கட்டினோம். பிள்ளை ஒன்றரை மணித்தியாலம் தூங்கியது, அந்த வீட்டு அம்மம்மா என்னைச் சந்தேகத்தோடுதான் பார்த்தா.

ஆகவே பகலில் ஏணை விறாந்தையில் அல்லது மரத்தில். நைலோன் சேலை வேண்டாம், தோய்த்துத் தோய்த்து மெலிந்த பருத்திச் சேலை ஒற்றையாக. நாடி நெஞ்சில் முட்டாமல் பிள்ளையின் முகம் தெரிய வேண்டும், மூடுவதென்றால் நுளம்பு வலை மட்டும். தொப்பி, காலுறை, கையுறை இதெல்லாம் மார்கழிக்கு எடுத்து வையுங்கள். சூடு பார்க்கக் கையையும் காலையும் தொடாதீர்கள், பிடரியையும் நெஞ்சையும் தொட்டுப் பாருங்கள். வியர்த்திருந்தால் ஒரு உடுப்பைக் குறையுங்கள், வெதுவெதுத் தண்ணீரில் துணி நனைத்துத் துடைத்து விசிறுங்கள். ஃபானை நேரே முகத்துக்குப் பிடிக்காமல் சுவர்ப் பக்கம் திருப்பி விட்டால் போதும். பால் குடிக்காமல் சோர்ந்து கிடக்கிறது, உச்சிக்குழி உள்ளே இறங்கியிருக்கிறது, எழுப்பினாலும் கண் திறக்கவில்லை, அல்லது காய்ச்சல் 38 பாகையைத் தொடுகிறது, இதில் ஏதாவது ஒன்று போதும், இரண்டு மாதப் பிள்ளையோடு வீட்டில் நின்று பார்க்கக் கூடாது.

கூரைக்கு ஒரு வேலை இருக்கிறது, மகனிடம் சொல்லுங்கள். தகரத்துக்கு மேல் கிடுகு பரவிக் கயிறு போட்டுக் கட்டினால் உள்ளே வித்தியாசம் அன்றைக்கே தெரியும். கிடுகு கிடைக்கவில்லை என்றால் வெள்ளைச் சுண்ணாம்பு இரண்டு பூச்சு. மேற்குச் சுவரோரம் பந்தல் போட்டுப் பாவலோ பூசணியோ ஏற்றிவிடுங்கள், பின்னேர வெயிலை அது வாங்கும். 2009 இல் செட்டிகுளம் முகாமில் தறப்பாளுக்குள் இருந்தவர்களுக்கு நான் இதை விளக்கத் தேவையில்லை. மத்தியானத்தில் தாய்மார் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்து தண்ணீர்த் தாங்கி விழுத்துகிற நிழலில் நிற்பார்கள், அந்த நிழலுக்கே இடம் பிடிக்க வேண்டியிருந்தது.

இப்போது கார்த்திகை. வெயிலைப் பற்றிச் சண்டை பிடித்துக்கொண்டு இதை ஒருவரும் யோசிக்கவில்லை போலத் தெரிகிறது. திகதி கார்த்திகைக் கடைசி என்றால் வன்னியில் அது வெள்ளத் திகதி. 2018 மார்கழியில் ஒரே இரவில் கொட்டின மழைக்கு இரணைமடு வான்கதவுகள் திறபட, கனகராயன் ஆற்றோரம் எப்படிக் கிடந்தது என்று உங்களுக்குத் தெரியும். 2020 இல் புரவிப் புயல் வந்ததும் மார்கழி தொடக்கத்தில், 2025 இல் டிட்வா புயல் வந்தது கார்த்திகையில். நோவு தொடங்கின பிறகு லான்ட்மாஸ்ரர் பெட்டியில் ஏற்றித் தண்ணீருக்குள்ளால் கொண்டு போன பிள்ளைத்தாய்ச்சிகளை நான் பார்த்திருக்கிறேன். ஒருத்தி பெட்டிக்குள்ளேயே பெற்றா. நல்லபடியாக முடிந்தது, ஆனால் அந்தப் பயணத்தை யாருக்கும் நான் சிபாரிசு செய்ய மாட்டேன்.

36 கிழமை முடிந்தவுடன், அதாவது ஐப்பசிக் கடைசியிலிருந்து, மருமகள் ஆஸ்பத்திரிக்குக் கிட்ட இருக்க வேண்டும். கிளிநொச்சி ரவுணில் சொந்தக்காரர் யாராவது இருப்பார்கள், இப்போதே கதைத்து வையுங்கள், ‘தலைப்பிரசவம் தாய் வீட்டில்தான்’ என்ற கதை இந்த வருசம் வேண்டாம், தாய் வீடு முரசுமோட்டை என்று எழுதியிருக்கிறீர்கள், அதுவும் தண்ணீர் ஏறுகிற இடம்தான். தங்க இடமே இல்லை என்றால் கிளினிக்கில் சொல்லுங்கள், மழை அறிவித்தலுக்கு முன்னமே வார்ட்டில் எடுக்கலாமா என்று அவர்கள் ஒழுங்கு செய்து பார்ப்பார்கள். சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையில் கர்ப்பிணிகளின் பட்டியல் இருக்கிறது, கிராம அலுவலரிடமும் ஒருக்கால் சொல்லிவிட்டால் படகோ உழவு மெசினோ வருகிறபோது முதலில் உங்கள் வீட்டுக்கு வரும். அனர்த்த முகாமைத்துவத்தின் இலக்கம் 117. வானொலியில் இரணைமடுக் குளம் நிரம்பி 36 அடியை நெருங்குகிறது என்று சொல்லத் தொடங்கினால் அதற்குப் பிறகு யோசிக்க நேரமில்லை.

ஒரு யூரியாப் பையை நன்றாகக் கழுவிக் காயவைத்து அதற்குள் இன்னொரு பொலித்தீன் பை போட்டு, கிளினிக் கொப்பி, அடையாள அட்டை, குளிசைகள், மெலிந்த சேலைத் துண்டுகள், பிள்ளைக்கு இரண்டு சட்டை, ரோர்ச் எல்லாம் வைத்து வாயைக் கட்டி வளையில் தொங்கவிடுங்கள். மகளின் பிள்ளையின் கொப்பியும் அதற்குள்தான். பால்மா ரின் வேண்டாம். முகாமில் யாராவது கொண்டு வந்து கொடுப்பார்கள், அன்பாகத்தான் கொடுப்பார்கள், ஆனால் கரைக்க நல்ல தண்ணீரும் போத்தல் கழுவ வழியும் இல்லாத இடத்தில் அது வயிற்றோட்டத்தில்தான் முடியும். பயத்தில் பால் வற்றிப்போகும் என்பதையும் நம்ப வேண்டாம். பதற்றத்தில் பால் இறங்கக் கொஞ்சம் சுணங்கும், அவ்வளவுதான், ஒரு மூலையில் சேலையைக் கட்டி மறைத்து நிம்மதியாக இருக்கவிட்டால் திரும்ப இறங்கும். அந்த மறைப்பைக் கட்டுகிற ஆள் நீங்களாக இருங்கள்.

வெள்ளம் வடிந்த பிறகு வேறு வேலை. பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வந்து குளோரின் போடும் வரை கிணற்றைத் தொட வேண்டாம், கொதித்தாறின தண்ணீர்தான். வயலுக்குள்ளும் சேற்றுக்குள்ளும் கர்ப்பிணி வெறுங்காலோடு இறங்கக் கூடாது, எலிக்காய்ச்சல். 2024 மார்கழியில் யாழ்ப்பாணத்தில் அதால் ஆட்கள் செத்ததைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். வயலுக்குப் போகிறவர்களுக்குத் தடுப்புக் குளிசை கொடுப்பார்கள், அதை வாங்கி ‘நீயும் ஒன்று போடு’ என்று மருமகளுக்குக் கொடுத்துவிடாதீர்கள், அது கர்ப்பிணிக்கு ஏற்றதில்லை, அவவுக்கு வேறு மருந்தை வைத்தியர் சொல்லுவார். பால் கொடுக்கிற மகளும் கேட்டுவிட்டே போட வேண்டும். டெங்கு மழைக்குப் பிறகுதான் என்று நினைக்கிறோம், ஆனால் இப்போது பவுசர் தண்ணீர் பிடித்து வைத்திருக்கிற பரல் இருக்கிறதே, மூடாவிட்டால் அதுவே நுளம்புப் பண்ணை. வலையால் மூடிக் கட்டுங்கள், கிழமைக்கொருக்கால் தேய்த்துக் கழுவுங்கள். டெங்கு நுளம்பு பகலில்தான் கடிக்கும், அதனால் பகல் தூக்கத்துக்கும் வலை. கர்ப்பிணிக்குக் காய்ச்சல் என்றால் மூன்று நாள் பொறுத்துப் பார்க்கிற கதையே இல்லை, முதல் நாளே ஆஸ்பத்திரி, போகும் வழிக்குப் பரசிற்றமோல் மட்டும், பெட்டிக்கடையில் விற்கிற நோக்குளிசைகள் ஒன்றும் வேண்டாம். மலேரியாவை இந்த வன்னிக் காட்டுக்குள்ளிருந்தே துரத்தி 2016 இல் நாடே மலேரியா அற்றது என்று பேர் வாங்கினோம், டெங்கை ஒரு பரலுக்குள் வளர்க்கிறோம்.

நாலு பக்கக் கடிதத்தில் ஒரு விஷயம் இல்லை அக்கா, மருமகளின் பிரஷர் எவ்வளவு என்று. தலை சுற்றினது, உவர்த் தண்ணீர், ஆறாம் மாதம், மூன்றையும் சேர்த்துப் பார்த்தால் எனக்கு அதுதான் முதலில் தெரிய வேண்டும். இதை வாசித்து முடித்தவுடன் கிளினிக் கொப்பியை எடுத்துக் கடைசிப் பக்கத்தைப் பாருங்கள். மேல் எண் 140 ஐயோ கீழ் எண் 90 ஐயோ தொட்டிருந்தால், அல்லது தலை சுற்றின பிறகு இன்னும் ஒருவரும் பார்க்கவில்லை என்றால், அடுத்த கிளினிக் நாள் வரை இருக்க வேண்டாம், நாளைக்கு வான் வரும்போது அவ கச்சானுக்குப் போகாமல் உங்களோடு ஆஸ்பத்திரிக்கு வரட்டும்.